குழம்புப் பீரங்கி

உலக சமாதானத்தை நிலைநாட்டும் பெரும் பொறுப்பில் ஒரு சிறு பங்கு வீசன்ரோடா ஊருக்கும் வந்து சேர்ந்தது.

போரில் ஜெர்மனி தோற்றுவிட்டது. வெர்சாய் அரண்மனையில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இனி ஜெர்மனியிடம் விமானம் இருக்கக்கூடாது, டாங்கி இருக்கக்கூடாது, நீர்மூழ்கிக் கப்பல் இருக்கக்கூடாது, அனுமதித்ததற்கு மேல் ஒரு பீரங்கிகூட இருக்கக்கூடாது என்று ஜெயித்தவர்கள் எழுதிவைத்தார்கள். எழுதியதோடு விட்டால் தோற்றவர்கள் ஏமாற்றிவிடுவார்களே? ஆகவே ஊர் ஊராகப் போய்த் தேடிப் பார்க்க ஒரு கமிஷன் போட்டார்கள். கமிஷன் என்றால் மோட்டார் வண்டி, பயணப்படி, மொழிபெயர்ப்பாளர், ரப்பர் முத்திரை எல்லாம் உண்டு. இத்தனை செலவு செய்துவிட்டு ஆயுதம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பிப் போவது யாருக்கும் அழகல்ல.

வீசன்ரோடா துரிங்கிய மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். ஒரு சர்ச், ஒரு டவுன் ஹால், அடுப்பு வார்க்கிற பட்டறை ஒன்று, வாத்துக் குளம் ஒன்று. போர் நடந்த காலமெல்லாம் ஊருக்குள் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டதில்லை. ஆட்கள் ரயிலேறிப் போனார்கள், பெயர்கள் தபாலில் திரும்பி வந்தன. அதற்குமேல் அந்த ஊருக்கும் போருக்கும் சம்பந்தம் இல்லை.

கமிஷன் முதல் தடவை வந்தபோது, ஊரில் நீர்மூழ்கிக் கப்பல் ஏதாவது உண்டா என்று முறைப்படி கேட்டது. மேயர் ஹென்னிங்கர், எங்கள் ஊர்க்காரர்கள் பலர் கடலையே பார்த்ததில்லை என்று பணிவோடு சொன்னார். ஆனால் குளம் இருக்கிறதே என்று கமிஷன் சுட்டிக்காட்டியது. மறுக்க முடியாத விஷயம். இரண்டு சிப்பாய்கள் கழியை விட்டுக் குளத்தைத் துழாவினார்கள். ஓட்டை பூட்ஸ் ஒன்று கிடைத்தது. அது ராணுவ பூட்ஸாக இருந்ததால், சந்தேகத்துக்கிடமான ஊர் என்று வீசன்ரோடாவின் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

இந்தப் பெரிய விவகாரங்கள் எதுவும் லீஸ்பெத் ஹாகடோர்னுக்குத் தெரியாது. அவளுக்கு அடுப்பு வேலை சரியாக இருந்தது. அவள் புருஷன் பேக்கரி வைத்திருந்தவன். போருக்குப் போனான், வரவில்லை. மாவும் வரவில்லை. பேக்கரியை மூடிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு மத்தியான சூப் காய்ச்சும் வேலையை எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுத்த வேலை இல்லை. பிள்ளைகளின் கால்கள் குச்சி குச்சியாகப் போவதைப் பார்த்துவிட்டு அவளாக எடுத்துக்கொண்டது.

சூப் காய்ச்ச அவளிடம் இருந்த ஒரே சொத்து ஒரு வண்டி. தோற்றுத் திரும்பிய ராணுவம் ஒன்று, இழுக்கக் குதிரை இல்லாமல் (குதிரையைச் சாப்பிட்டுவிட்டார்கள்) ஊர் எல்லையில் விட்டுப்போன சமையல் வண்டி அது. நாலு சக்கரம், நடுவில் அண்டா மாதிரி இரும்புக் கொப்பரை, அடியில் அடுப்பு, மேலே நீட்டிக்கொண்டு ஒரு புகைக்குழாய். தூரத்திலிருந்து பார்த்தால் குழாய் பீரங்கிக் குழல் மாதிரித் தெரியும். அதனால் போர்முனையில் சிப்பாய்கள் அதற்குக் 'குழம்புப் பீரங்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாடு முழுக்க அதுதான் பெயர். வீசன்ரோடாவில் அந்த நீளமும் குறைந்து வெறும் 'பீரங்கி' ஆகிவிட்டது. உள்ளே குழம்பெல்லாம் கிடையாது, டர்னிப் கிழங்கும் கொஞ்சம் பார்லியும்தான். பாதிரியார் லாங்கேகூட ஞாயிறு ஜெபத்தில், "ஆண்டவரே, எங்கள் பீரங்கிக்குள் இந்த வாரமாவது கொஞ்சம் இறைச்சி போட்டருளும்" என்று மனமுருக வேண்டிக்கொள்வார்.

கமிஷன் இரண்டாம் தடவை வந்தது. இம்முறை தலைமை தாங்கியவர் கேப்டன் டெல்மாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். நல்ல மனுஷன். மீசையில் மெழுகு, நெஞ்சில் பதக்கம் போட இடம் காலி. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சார்ஜென்ட் உல்மான் அல்சாஸ்காரர். அந்த எல்லைப் பகுதியை பிரான்ஸும் ஜெர்மனியும் மாறி மாறி ஆண்டதால், அவர் இரண்டு மொழியையும் சரளமாக, ஆனால் எதற்கும் தன்மேல் பழி வராத மாதிரி, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பார்.

டவுன் ஹால் மாடியில் மேயர் நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார். "வீசன்ரோடாவில் பீரங்கி இல்லை, இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை என்று..."

கீழே சதுக்கத்தில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற எம்மா ஃபோகலின் குரல் காதைக் கிழித்தது.

"ஏய், பீரங்கி வந்துருச்சுடி! ஓடியாங்க!"

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இன்னொரு பெண் கத்தினாள். "இன்னிக்கு என்ன போட்டிருக்கு?"

"எலும்பு போட்டிருக்காம்!"

சார்ஜென்ட் உல்மான் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். கேப்டனின் முகம் வெளுத்தது.

"எலும்பா? யாரோட எலும்பு?"

"அதைச் சொல்லலை சார்."

மேயருக்கு வியர்த்துவிட்டது. "ஐயா, அது வந்து... அது வேற பீரங்கி!"

"வேற பீரங்கியா? அப்போ எத்தனை இருக்கு?"

கேப்டன் அதற்குமேல் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. கடமை உணர்ச்சியுள்ள அதிகாரி முதலில் தந்தி கொடுப்பார், பிறகுதான் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கொடுத்தால் தந்தியில் வேகம் இருக்காது. 'வீசன்ரோடாவில் மறைத்து வைத்திருந்த பீரங்கி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் அதை நோக்கி ஓடுகிறார்கள்' என்று வாசகம் சொல்லி ஒரு சிப்பாயைத் தபாலாபீஸுக்கு விரட்டிவிட்டு, துப்பாக்கியை உருவிக்கொண்டு படியிறங்கினார்.

சதுக்கத்தில் லீஸ்பெத் கரண்டியோடு நின்றிருந்தாள். பிள்ளைகளும் பெண்களும் கிண்ணத்தோடு வரிசை. கேப்டன் துப்பாக்கியை நீட்டியபடி வந்ததைப் பார்த்து அவள் பயப்படவில்லை. பசித்தவர்கள் பலவிதமாக வருவதை அவள் பார்த்திருக்கிறாள்.

"வரிசையில வாங்க," என்றாள்.

"இது என்னது?" என்று சார்ஜென்ட் மூலம் கேட்டார் கேப்டன்.

"பீரங்கி."

"சுடுமா?"

"சுடாமயா? போன வாரம் போஸ்ட்மாஸ்டருக்கு நாக்கே வெந்துபோச்சு. ஊதி ஊதித்தான் குடிக்கணும்."

"ஒரு நேரத்துல எத்தனை பேருக்கு?"

"பெரியவங்கன்னா நூறு நூத்தம்பது பேர். சின்னப் பிள்ளைங்கன்னா இன்னும் ஜாஸ்தி."

கேப்டன் ஒரு அடி பின்வாங்கினார். அப்போதுதான் காற்று திரும்பி, வெந்த டர்னிப்பின் வாசனை அவர் மூக்கில் ஏறியது. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். லீஸ்பெத் ஒரு கிண்ணம் நீட்டினாள். கேப்டன் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

"சார்ஜென்ட், இது சூப்," என்றார்.

"ஆமா சார்."

"தந்தி?"

"போயிடுச்சு சார்."

மறுநாள் காலையில் பதில் தந்தி வந்தது. ஜெனரல் மிகவும் மகிழ்ந்திருந்தார். இந்த வட்டாரத்தில் கிடைத்த முதல் பீரங்கி இது. பாரிஸுக்குத் தெரிவித்தாயிற்று, பத்திரிகைகளுக்கும் சொல்லியாயிற்று. கேப்டனுக்குப் பதக்கம் சிபாரிசாகிறது. மாதக் கடைசியில் பொதுமக்கள் முன்னிலையில் பீரங்கியை உடைத்து, புகைப்படம் எடுத்து அனுப்பவும்.

மேயர், லீஸ்பெத், கேப்டன், சார்ஜென்ட் நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஐயா, அது பானை," என்றார் மேயர்.

"பானைதான். நானே ரெண்டு கிண்ணம் குடிச்சேனே."

"அப்போ ஒரு தந்தி அடிச்சுத் திருத்திடலாமே?"

"தாராளமாத் திருத்தலாம். 'பீரங்கி இல்லை'ன்னு அடிப்பேன். ஜெனரல் என்ன கேப்பாரு? 'நேத்து இருந்தது இன்னிக்கு எங்கே போச்சு?'ன்னு கேப்பாரு. நேத்து இருந்த பீரங்கி இன்னிக்கு இல்லைன்னா நீங்க ஒளிச்சு வச்சுட்டீங்கன்னு அர்த்தம். வச்சிருந்ததுக்கு ஒரு தண்டனை, ஒளிச்சதுக்கு இன்னொரு தண்டனை."

"இருந்ததே இல்லையே ஐயா!"

"இல்லாததைக் கண்டுபிடிச்சதுக்கா எனக்குப் பதக்கம் குடுப்பாங்க? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

மேயர் யோசித்தார். யோசிக்க யோசிக்க, கேப்டன் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. அவரும் அதிகாரிதானே.

லீஸ்பெத்துக்குத்தான் நியாயம் எட்டவில்லை. "அதை உடைச்சுட்டா பிள்ளைங்க எதைக் குடிக்கும்? ஊர்ல வேற கொப்பரை கிடையாது. செம்பு, பித்தளை எல்லாத்தையும் எங்க சர்க்காரே போருக்குன்னு வாங்கிட்டுப் போயிடுச்சு. வீட்டுக்கு வீடு இருக்கிறது ஒரு சின்னச் சட்டி. இன்னும் பனியே விழுந்து முடியலை."

கேப்டன் உண்மையாகவே வருந்தினார். "அம்மா, ஒப்பந்தத்துல பீரங்கியைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கு. சூப்பைப் பத்தி ஒரு வரி இருந்தாலும் நான் அதைப் பிடிச்சுக்குவேன். இல்லையே." கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "ஒரு பீரங்கி உடைஞ்சாகணும். இதைத்தான் உடைக்கணும்னு ஜெனரல் சொல்லலை."

லீஸ்பெத் பளிச்சென்று நிமிர்ந்தாள். "அப்போ உங்களுக்கு வேண்டியது ஒரு பீரங்கி. அவ்வளவுதானே? செஞ்சு குடுத்துடறோம், உடைச்சுக்குங்க. என் பானையை விட்டுருங்க."

இவ்வளவு தெளிவான யோசனை ஒன்று அந்தக் கட்டடத்துக்குள் இதுவரை சொல்லப்பட்டதில்லை. மேயர் மரியாதையோடு தொப்பியைக் கழற்றினார். கேப்டன் அங்கேயே ஒரு உத்தரவு எழுதி முத்திரை குத்தினார்: 'வீசன்ரோடா ஊரில் பீரங்கி இல்லாமல் செய்யும் பொருட்டு, மேற்படி ஊரார் பீரங்கி ஒன்று செய்துகொள்ள இதனால் அனுமதிக்கப்படுகிறது.'

அடுப்புப் பட்டறைக்காரர் கிராம்ஸ் போர்க்காலத்தில் குண்டு வார்த்தவர். தோற்ற பிறகு, இனி இந்தப் பட்டறையில் ஆயுதம் செய்யக்கூடாது என்று கமிஷன் வந்து பூட்டி சீல் வைத்திருந்தது. அதே கமிஷன் வந்து அதே சீலை உடைத்து, சீக்கிரம் பீரங்கி செய்யுமாறு கேட்டுக்கொண்டது. கிராம்ஸ் இரண்டு உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் மாட்டிவைத்தார்.

"செஞ்சுடலாம், உலோகம் எங்கே?" என்றார்.

ஊரில் மிஞ்சியிருந்த ஒரே உலோகம் சர்ச் கோபுரத்தில் தொங்கியது. பாதிரியார் லாங்கே கோபுர வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"மாட்டேன்! நாலு மணி இருந்துச்சு. பெரிய மூணையும் பீரங்கி வார்க்கணும்னு போருக்குக் குடுத்தேன். ஜெயிச்சதும் திருப்பித் தர்றோம்னாங்க. இருக்கிறது இந்தச் சின்ன மணி ஒண்ணுதான்."

"போருக்கு மூணு குடுத்தீங்களே சாமி, சமாதானத்துக்கு ஒண்ணு குடுக்கமாட்டீங்களா?" என்றாள் லீஸ்பெத்.

"ஆண்டவர் வீட்டு மணி அம்மா! இது இல்லாம ஜனங்களை எப்படிக் கூப்பிடுவேன்?"

"என் பானை போயிட்டா கூப்பிடறதுக்குப் பிள்ளைங்க இருக்காது. பாத்துக்குங்க."

பாதிரியார் கையை இறக்கினார். அந்த மணி லீஸ்பெத்தின் கல்யாணத்துக்கு அடித்த மணி. கயிறு கட்டி அதை இறக்கும்போது அவளும் ஒரு கை கொடுத்தாள். பானைக்காகத்தானே என்று தேற்றிக்கொண்டாள்.

உடைப்பதற்கு ஒரு பீரங்கி. ஏதோ ஒரு குழாயாக இருந்தால் போதாதா என்றுதான் லீஸ்பெத் நினைத்தாள். ஊர்க் கவுன்சில் அப்படி நினைக்கவில்லை.

"நாளைக்கு இதோட படம் பாரிஸ் பத்திரிகையில வரும்," என்றார் மேயர். "வீசன்ரோடாக்காரன் பீரங்கி இவ்வளவுதானான்னு எவனாவது சிரிச்சா? நாடுதான் தோத்துடுச்சு, நம்ம ஊருக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?"

கௌரவம் என்றதும் ஊர் விழித்துக்கொண்டது. மணியை உருக்க விறகு வேண்டும் என்றார் கிராம்ஸ். சூப் காய்ச்ச ஒரு சுள்ளி கேட்டால், நாங்களே குளிரில் நடுங்குகிறோம் என்று கதவைச் சாத்தியவர்கள் அலமாரியை உடைத்துக் கொண்டுவந்தார்கள். சக்கரத்துக்கு நல்ல ஓக் மரம் வேண்டியிருந்தது. பள்ளிக்கூட பெஞ்சுகளை எடுத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நின்றுகொண்டே படித்தார்கள். சக்கர அச்சுக்குத் தடவப் பன்றிக்கொழுப்பு தேவைப்பட்டது. சூப்பில் போடக் கொஞ்சம் கொழுப்பு கேட்டு லீஸ்பெத் ஜில்லா ஆபீஸுக்கு நடையாய் நடந்து, கையிருப்பு இல்லை என்ற பதிலோடு திரும்பியவள். பீரங்கிக்கு என்று எழுதியதும் ஒரு முழுப் பீப்பாய் வந்து இறங்கியது. அவள் அதைத் தொட்டு மோந்து பார்த்தாள். நல்ல கொழுப்பு.

"இதுல ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று கிராம்ஸிடம் கேட்டாள்.

"அரசாங்கக் கொழுப்பும்மா. பீரங்கிக்குன்னு எழுதி வந்திருக்கு."

"என்னுதும் பீரங்கிதானேய்யா? அதுக்குத்தானே இத்தனை கூத்தும்?"

"உங்களுது பானைன்னு நீங்கதானே சாதிச்சீங்க?" என்று கேட்டார் கிராம்ஸ்.

பீரங்கி வந்து சதுக்கத்தில் நின்ற அன்று ஊரே கூடியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. வெண்கலக் குழல் வெயிலில் தகதகத்தது. வாய் ஓரத்தில் ஓக் இலைக் கொடி, பின்பக்கம் இறக்கை விரித்த கழுகு, நடுவில் ஊர் பெயரும் வருஷமும்.

"உடைக்கிறதுக்கு எதுக்குய்யா இவ்வளவு பூ வேலை?" என்று கேட்டாள் லீஸ்பெத்.

"கை தானா ஓடிருச்சும்மா," என்றார் கிராம்ஸ். அவர் கண் கலங்கியிருந்தது.

சமாதானத்துக்காகச் செய்தது என்பதால் அதற்குச் 'சமாதானம்' என்றே பெயர் வைத்தார்கள். மணி போனதற்கு அழுத பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். சமாதானத்தின் வாய் மேற்கே பிரான்ஸைப் பார்த்தபடி இருந்தது. அது தற்செயல் என்று மேயர் தெரிவித்தார்.

அதன்பின் ஊரின் நடை உடை மாறிப்போயிற்று. போரிலிருந்து திரும்பி வந்து, போர் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர்கள், பழைய பதக்கங்களைத் தேடி எடுத்துக் குத்திக்கொண்டு பீரங்கியைச் சுற்றி நின்றார்கள். போருக்கே போகாதவர்கள் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நின்றார்கள். கல்யாண ஜோடிகள் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இளைஞர்கள் கழுகின் இறக்கை மாதிரி தலைமுடியை வாரிவிட்டுக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குப் பொறாமை. எங்கள் ஊரிலும் ஒரு பீரங்கி பறிமுதல் செய்யக் கூடாதா என்று கமிஷனுக்கு மனு போட்டார்களாம்.

லீஸ்பெத்தின் பானை அதே சதுக்கத்தில் கரி படிந்து ஓரமாகப் புகைந்துகொண்டிருந்தது. ஜனங்கள் அவளிடம் சூப் வாங்கி, பீரங்கிப் பக்கம் திரும்பி நின்று குடித்தார்கள்.

"கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வச்சுக்குங்களேன்," என்று மேயர் ஒருநாள் வந்து சொன்னார். "புகை பட்டுக் கறுத்துடப்போகுது."

"இன்னும் நாலு நாள்ல உடைக்கப்போற சாமான் கறுத்தா என்ன, வெளுத்தா என்ன மேயர் ஐயா?"

மேயர் கைக்குட்டையை எடுத்துக் கழுகின் இறக்கையைத் துடைத்தார். அது லீஸ்பெத்துக்குப் பிடிக்கவில்லை.

மாதக் கடைசியில் கேப்டன் லாரியோடு வந்தார். சம்மட்டி ஏந்திய சிப்பாய்கள், புகைப்படக்காரர், சார்ஜென்ட் உல்மான். அன்றைக்கு லீஸ்பெத் பானை வழிய சூப் காய்ச்சியிருந்தாள், எங்கேயோ கெஞ்சிக் கூத்தாடி எலும்பும் வாங்கிப் போட்டு. பானை பிழைத்த நாள் அல்லவா, கொண்டாட வேண்டாமா என்று.

கேப்டன் சமாதானத்தைச் சுற்றி வந்தார். குழலுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வாடியது.

"இது நிஜமாவே சுடுமா?"

"சுடும்!" என்றார் கிராம்ஸ், நெஞ்சை நிமிர்த்தி.

"ஐயையோ. பீரங்கி செய்யத்தானே சொன்னேன், சுடற பீரங்கி செய்யச் சொன்னேனா?" கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "குழல்ல இந்த வருஷத்தை வேற பொறிச்சு வச்சிருக்கீங்க. படம் எடுத்து அனுப்பினா, இந்த வருஷம் புதுப் பீரங்கி செய்ய அனுமதி குடுத்த மடையன் யாருன்னு ஜெனரல் கேப்பாரு. அனுமதியில என் கையெழுத்து இருக்கு."

"அப்போ என்ன செய்யறது ஐயா?"

"பானையில பழைய ராணுவ முத்திரை இருக்கு. குழாயும் இருக்கு, படத்துல பீரங்கியாத்தான் தெரியும், என் தந்திக்கும் பொருந்தும். அதை உடைச்சா யாருக்கும் வில்லங்கம் இல்லை." லீஸ்பெத்தின் முகத்தைப் பார்த்ததும் அவர் தடுமாறினார். அவர் அந்த சூப்பைக் குடித்தவர். "ஆனா நான் சொல்லமாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க. இந்தப் பீரங்கியையே உடைக்கச் சொன்னாலும் உடைக்கிறேன், என் தலையெழுத்து. ஒண்ணு போகணும். மிச்சம் இருக்கிறது என் கணக்குல இல்லாதது. அதை நான் பாக்கவே இல்லை."

நாட்டில் அப்போதுதான் ராஜா ஓடிப்போய்க் குடியரசு வந்திருந்தது. எதற்கெடுத்தாலும் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதுதான் புது மோஸ்தர். நாய்க்கு லைசென்ஸ் வேண்டுமா என்பதற்கே இரண்டு தடவை ஓட்டெடுத்த ஊர் அது. மேயர் நாற்காலி போட்டு ஏறி நின்றார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஒருபக்கம் நம் கௌரவம். இன்னொருபக்கம்..." சரியான சொல் கிடைக்காமல் திணறினார். "இன்னொருபக்கம் டர்னிப். மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள்!"

லீஸ்பெத்துக்குக் கவலையே இல்லை. சதுக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு முகமும் அவள் பானையில் குடித்த முகம். பாதிப் பேர் கையில் இப்போதும் கிண்ணம் இருந்தது. சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பானை போகட்டும் என்பவர்கள் கை தூக்கலாம்."

முதலில் கிராம்ஸ் தூக்கினார். பீரங்கி அவர் பெற்ற பிள்ளை, மன்னிக்கலாம். பிறகு பாதிரியார், அதில் அவர் மணி இருக்கிறது. பதக்கம் குத்தியவர்கள் தூக்கினார்கள். போஸ்ட்மாஸ்டர் தூக்கினார். பள்ளிக்கூட வாத்தியார் தூக்கினார். கிண்ணம் இருந்த கையைத் தூக்க முடியாதவர்கள் கிண்ணத்தை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு தூக்கினார்கள். லீஸ்பெத்தின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. வரிசையில் முதல் ஆளாக, இடுப்பில் கடைசிப் பையனோடு தினமும் வந்து நிற்கிற எம்மா ஃபோகல், கொஞ்சம் தாமதமாக, ஆனால் உயரமாகத் தூக்கினாள்.

"மறுப்பவர்கள்?"

லீஸ்பெத்தின் கரண்டி மட்டும் மேலே போயிற்று.

சம்மட்டி நாலு அடியில் வேலையை முடித்தது. கொப்பரை பிளந்து, சூடான சூப் ஆவி பறக்கச் சதுக்கத்துக் கற்களில் ஓடியது. சில பிள்ளைகள் குனிந்து கிண்ணத்தால் வழித்தார்கள், புகைப்படத்தில் விழுகிறார்கள் என்று சார்ஜென்ட் அவர்களை ஓரமாக நிறுத்தினார். கேப்டன் அந்தப் பக்கம் பார்க்காமல் தந்தி வாசகம் சொன்னார். 'வீசன்ரோடா முழுமையாக நிராயுதபாணி ஆக்கப்பட்டது. மக்கள் மனமுவந்து ஒத்துழைத்தார்கள்.' இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

எம்மா மெல்ல லீஸ்பெத்தின் பக்கம் வந்தாள்.

"நீயுமாடி எம்மா?" என்றாள் லீஸ்பெத்.

"கோவிச்சுக்காதீங்க லீஸ்பெத்தம்மா. சூப்புங்கிறது இந்தக் குளிரோட சரி. வசந்தம் வந்தா அப்புறம் யாரு கேக்கப்போறா? பீரங்கின்னா அப்படியா?" இடுப்பிலிருந்த பையனைத் தூக்கி மேலே ஏற்றிக்கொண்டாள். பையன் கனமே இல்லாமல் காற்றாய் இருந்தான். "இவன் வளர்ந்து ஆளாகும்போதும் இருக்கும்."

"பீரங்கி இருக்கும்டி," என்றாள் லீஸ்பெத். "பையன் இருக்கணுமே."

எம்மாவின் காதில் அது விழவில்லை. பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. ஊரே தொப்பியைக் கழற்றி, பீரங்கியைப் பார்த்து நின்று, தாய்நாட்டுப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடியது. எம்மாவும் பாடினாள். கேப்டன்கூட, நல்ல மெட்டு என்பதால், பூட்ஸ் நுனியால் தாளம் போட்டார். லீஸ்பெத் கரண்டியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாட்டு அது. இரண்டாம் அடி வரும்போது அவள் வாயும் தானாக அசைந்தது.